மங்கல் விளக்கும் ஒரு சாக்பீஸ் கோடும்

அந்தத் தெருவில் யார் வீட்டில் எது கெட்டாலும் முதலில் அவளிடம்தான் வரும். மிக்சி, அயர்ன் பாக்ஸ், ஓடாத பொம்மைக் கார், பேச்சு நின்றுபோன ரேடியோ. தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, "சால்டர் அக்கா, இது செத்துப்போச்சு" என்பார்கள். அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். "சாகல. மயங்கிக் கெடக்கு. வச்சிட்டுப் போங்க" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நிஜமாகவே செத்தவற்றை உரியவர்களிடம் சொல்லிவிட்டு, உள்ளே நல்லதாக இருப்பதைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொள்வாள்.

பட்டப்பேர் சும்மா வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் ஒரு ரேடியோ கம்பெனியில் வேலை பார்த்தவள். நீள மேஜையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பச்சைப் பலகைகளில் ஈயத்தை உருக்கிப் புள்ளி புள்ளியாக வைப்பார்கள், சால்டர் என்பது அதைத்தான். கோலம் போடுகிற கைதான், ஆனால் சூட்டுக்கோலோடு. ஒரு நாள் முதலாளிகள் கேட்டைப் பூட்டிவிட்டு, 'சொல்கிறோம்' என்று போனார்கள். இன்றுவரை சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இவளுக்கு மட்டும் அந்த ஈயப் புகை இல்லாமல் பொழுது போகவில்லை. சமையலறை ஜன்னலோரம் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் சால்டரிங் கோல். இரண்டில் எதன் புகை என்று பார்த்துவிட்டுத்தான் அவள் புருஷன் பசிக்கிறது என்று வாய் திறப்பார்.

அவர் லேத்துக்காரர். இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் வேலை. இரும்போ பித்தளையோ, ஒரு துண்டைக் கொடுத்தால் மிஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உளியைக் காட்டி, முடி கனம் முடி கனமாகச் சீவி, கேட்ட அளவுக்குக் கடைந்து கொடுப்பார். கடைக்கு அனுப்பினால் பாதி சாமானை மறந்துவிட்டு வருகிற மனுஷன், லேத்து முன்னால் நின்றால் வேறு ஆள். வீட்டுக்கு வரும்போது கையில் எண்ணெய் வாசனை, நகத்துக்குள் கறுப்பு. எந்த சோப்புக்கும் மசியாது. புதுசில் அவள் மூக்கைச் சுளித்ததுண்டு. பிறகு அந்த வாசனை இல்லாமல் அவர் வீட்டுக்குள் வந்தது போலவே அவளுக்குத் தோன்றாது.

அவளுக்கு அந்தச் சில்லு கிடைத்தது பழைய சாமான் சந்தையில். எழுதிக்கொடுத்த உத்தரவுப்படி நடக்கிற, கட்டைவிரல் நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலர், அதைச் சுமக்க ஒரு சின்ன போர்டு. ஒரு கால் கருகியிருந்ததால் கடைக்காரன் அதைக் குப்பையோடு போட்டு வைத்திருந்தான். அவள் கிளறி எடுத்தாள். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். மத்தியான நேரம், தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு. கீழ் வீட்டில் இருக்கும் நாத்தனார் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, ஊர்ல எல்லாரும் போன்ல சீரியல் பாக்கறாங்க. நீங்க பூச்சி வளக்கறீங்க" என்றாள். அந்தக் கறுப்புச் சில்லு அதன் கால்களோடு பார்க்க நிஜமாகவே ஒரு பூச்சி மாதிரிதான் இருந்தது.

ஒரு விளக்கை மங்கலாக எரிய வைக்க வேண்டும். அதுதான் பாடம். கொஞ்சமாகக் கரண்ட் விட்டால் மங்கும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைப்பதில்லையா, அந்த மாதிரி. ஆனால் இந்தச் சில்லின் காலுக்குக் குறைக்கவே தெரியாதாம். கொடுத்தால் முழுசாகக் கொடுக்கும். இல்லையென்றால் துளிகூடக் கிடையாது. நடுவில் ஒரு நிலையே அதற்கு இல்லை. அப்புறம் எப்படி மங்குவது? கொடுத்து நிறுத்தி, கொடுத்து நிறுத்தி, ஒரு நொடிக்குள் நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் கொடுக்கிற நேரத்தை அகலமாக்கினால் பளிச்சென்று எரியும். அதே நேரத்தை ஒடுக்கினால் மங்கும். விளக்கு மங்குவதே இல்லை, மங்கியதாக நாம்தான் பார்க்கிறோம் என்று வீடியோக்காரர் சொன்னார். அவள் அதை நம்பவில்லை.

நம்பாதவள் சும்மா இருப்பாளா? செய்து பார்த்தாள். குமிழைத் திருப்பத் திருப்ப அந்தச் சின்ன விளக்கு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. துடிப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. பாலாடை மாதிரி மிருதுவான வெளிச்சம். ஒயர் நீளமாக இருந்ததால் விளக்கைக் கையில் பிடித்தபடி ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இருட்டில் சட்டென்று வீசினாள்.

ஒரே கோடாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் காற்றில் தொங்கியது. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் கரிய இருட்டு. எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது என்று அது செய்த அத்தனையும் அவள் கண் முன்னால் வரிசையாகக் கிடந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை ஆயிரம் புள்ளி வைத்த கை அது, இப்படி ஒரு புள்ளி வரிசையைப் பார்த்ததே இல்லை.

"ஏங்க! சீக்கிரம் இங்க வாங்க!"

அவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அவள் அவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா, பாம்பு கீம்பு வந்துடுச்சா?"

"பேசாம பாருங்க."

வீசிக் காட்டினாள். வாயைத் திறந்தவர் மூடவில்லை. "அப்போ இது பாதி நேரம் அணைஞ்சுதான் கெடக்குதா?"

"பாதியா? இப்போ நூத்துல தொண்ணூத்தஞ்சு பங்கு அணைஞ்சுதான் கெடக்கு. நம்ம கண்ணுதான் அதையெல்லாம் சேத்து ஒட்டிக்குது."

"அடப்பாவமே, நம்ம கண்ணு இவ்ளோ ஏமாளியா?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் இருட்டில் நின்று அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையை அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். யாருக்குத் தோன்றும்?

அடுத்து வந்தது அவருடைய கண் விவகாரம். ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆஸ்பத்திரி போர்டில் இருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்தவர்போல வீட்டுக்கு வந்தார். ஆனால் பட்டறைக்குப் போனதும் தொல்லை ஆரம்பித்தது. லேத்துக்கு மேலே தொங்கிய டியூப் லைட்டின் வெளிச்சம், சுழல்கிற பித்தளையில் பட்டுத் தெறித்து ஊசி மாதிரி கண்ணில் குத்தியது. தண்ணீராகக் கொட்டும். துடைத்துக்கொண்டே எப்படி உளி பிடிப்பது? தன் மூலையில் இருந்த டியூபைக் கழற்றினார், பக்கத்து ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தார். இப்போது கூச்சம் இல்லை, வேலையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பார். லேத்து போனால் அவரிடம் மிச்சம் என்ன என்று அவள் ஒரு நாள் யோசித்துப் பார்த்துப் பயந்துபோனாள். ஒன்றுமே இல்லை.

ஆகவே விளக்கு செய்தாள். வளைகிற கழுத்து, பால் நிறத் தட்டு, பக்கவாட்டில் ஒரு குமிழ். கண்ணுக்கு எது சுகமோ அந்த அளவுக்கு அவரே திருகிக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல். தானாகவே வேகமாக மின்னத் தெரிந்த கால் அந்தச் சில்லில் ஒன்றுதான் உண்டு, கருகிப்போனதும் அதுதான். பரவாயில்லை என்று வேறொரு சாதாரணக் காலில் விளக்கை மாட்டி, எரி, அணை, எரி, அணை என்று அவளே வரி வரியாக உத்தரவு எழுதினாள். நொடிக்கு நூறு தடவை. கண்ணுக்குத் தெரியப்போவதில்லை, அது போதுமே என்று விட்டுவிட்டாள்.

அந்த விளக்கைப் பட்டறையில் மாட்டிய அன்று அவர் வீட்டுக்கு வந்தார். கை கழுவினார், சாப்பிட்டார், எழுந்தார். வாசற்படியில் நின்று திரும்பி, "பித்தளை இன்னைக்குத்தான் பித்தளையாட்டம் இருந்துச்சு" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. அவளுக்கு அன்றெல்லாம் தரையில் கால் பாவவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் பழையபடி விசிலடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

பிறகு ஒரு சாயங்காலம் அவர் சுத்தமான கையோடு வந்தார்.

எண்ணெய் வாசனை இல்லை. நகத்துக்குள் கறுப்பு இல்லை. வலது கை விரல் நுனியில் ஒரு பிளாஸ்திரி. "டிராயர்ல மாட்டிக்கிச்சு" என்றார். அவள் சரி என்றாள். மறுநாளும் சுத்தமான கை. அதற்கு மறுநாளும். பட்டறைக்குப் போகிறார், நேரத்துக்கு வருகிறார், கை மட்டும் பாங்கு குமாஸ்தா கை மாதிரி இருக்கிறது. சோறு போடும்போது அவள் அந்தக் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"என்ன நடக்குது? உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கைக்கு எண்ணெய் வாசனை எங்க போச்சு?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அன்றைக்குச் மோதிரம் மாதிரிச் சின்னச் சின்னப் பித்தளை புஷ் கடைகிற வேலை. சின்ன உருப்படிக்கு வேகம் கூட வேண்டும் என்று பெல்ட்டை மாற்றிப் போட்டிருந்தார். அந்த வேகத்தில் விளக்கு வந்த பிறகு மிஷினை ஓட்டியதில்லை. கண் கொஞ்சம் கூசியதால் விளக்கை நன்றாக மங்க வைத்திருந்தார். ஒரு புஷ்ஷைக் கடைந்து முடித்து உளியைப் பின்னுக்கு இழுத்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி வாசலிலிருந்து கூப்பிட்டு ஏதோ கேட்டார். திரும்பி நின்று பதில் சொன்னார். பக்கத்தில் ஒருவர் சாணைக்கல் மிஷினில் உளி தீட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. பேசிவிட்டுத் திரும்பினால் லேத்து நின்றிருந்தது. உருப்படியைக் கவ்விப் பிடிக்கிற அந்த வட்டத் தலைக்குப் பட்டறையில் 'சக்' என்று பெயர். அதன் மூன்று தாடைகளும் ஆடாமல் அசையாமல், விளிம்பு விளிம்பாகத் தெரிந்தன. பேச்சுவாக்கில் தானே நிறுத்தியிருப்போம் என்று நினைத்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைந்த உருப்படியைக் கழற்றுவதற்கு முன்னால், முதல் தாடைக்கு நேராக அதில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அளவு பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டுமே. மற்றவர்கள் கோடு போடாமலே காரியத்தை முடிப்பார்கள், இவரைக் கிண்டலும் செய்வார்கள். அன்றும் சாக்பீஸை எடுத்துக் கையை நீட்டினார்.

"தொட்டதுதான் தெரியும். சாக்பீஸ் பொடிப்பொடியா வெடிச்சிடுச்சு. ஒரு துண்டு கண்ணாடியில வந்து அடிச்சுது, விரல் நுனி சிராய்ச்சிடுச்சு. மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. முழு வேகத்துல ஓடிக்கிட்டிருக்கு."

சாக்பீஸ் இல்லாமல் வெறுங்கை போயிருந்தால்? அவள் பார்வை தானாகவே அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது.

"ஓடுற மிஷின் எனக்கு நிக்கிற மாதிரி தெரிஞ்சுதும்மா. மங்கலா இல்ல, ரெண்டா இல்ல. தெளிவா நின்னுச்சு. இல்லாததைக் காட்டற கண்ணை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? முதலாளிகிட்ட கண்ணு அசதியா இருக்குன்னு சொல்லி ஸ்டோருக்கு மாத்திக்கிட்டேன். போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை."

"டாக்டர்கிட்ட போவோம்."

"வேண்டாம். போனா போச்சுன்னு சொல்லிடுவாரு. இப்போதைக்கு எனக்கு மட்டுந்தானே தெரியும்."

நாத்தனார் வந்து, "என்ன அண்ணி, வீடே அமைதியா இருக்கு, டிவி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, வந்த வழியே இறங்கிப் போனாள்.

மறுநாள் அவளும் அவரோடு பட்டறைக்குப் புறப்பட்டாள். லேத்தோரம் இருக்கும் அவருடைய கருவிப் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம் என்று அவரே சொன்னார். கூடவே அந்த விளக்கையும். 'இனி அது அங்க யாருக்கு?' என்று அவர் கேட்டது அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

பட்டறை முதலாளி தங்கமான மனுஷன், ஒரே ஒரு வியாதி. எது நடந்தாலும் 'நான் அப்பவே சொன்னேன்' என்பார். மழை பெய்தாலும் சொல்வார், பெய்யாவிட்டாலும் சொல்வார். அன்று அவரே லேத்து முன்னால் நின்றிருந்தார். பாதியில் நின்ற புஷ் ஆர்டரை முடித்தாக வேண்டுமே. அந்த மூலை இருட்டாக, அவள் செய்த விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. சாணைக்கல் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தது. முதலாளி உளியைத் தேடிப் பலகையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி, வா. நல்ல விளக்கு செஞ்சு குடுத்திருக்க. கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு. நான் அப்பவே சொன்னேன்."

அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். "ஏண்ணே, மிஷின் நிக்குதே, கரண்ட் இல்லையா?"

"நிக்குதா? இப்பத்தானே போட்டேன்." முதலாளி திரும்பிப் பார்த்தார். "அட, ஆமா. பெல்ட்டு கழண்டுடுச்சா என்ன?" என்று சொல்லிக்கொண்டே, அந்த வட்டத் தலையைத் தட்டிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!"

அவள் புருஷன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. ஒரே பாய்ச்சலில் போய் முதலாளியின் தோளைப் பிடித்து இழுத்து, இன்னொரு கையால் சுவிட்சை அடித்தார். சாணைக்கல்காரரும் பயந்து தன் மிஷினை நிறுத்தினார். அந்தத் திடீர் அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. நின்றிருந்த சக், நிற்பதற்காக வேகம் குறைந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே அசையாமல் இருந்த தாடைகள் மெல்ல ஊர்ந்து, பின்னோக்கிச் சுற்றி, பூசியதுபோலக் கலைந்து, அப்புறம்தான் நிஜமாகவே நின்றன.

முதலாளி தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் புருஷன் அவள் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"உனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுதா?"

"எப்படி?"

"நிக்கிற மாதிரி. உனக்கும் தெரிஞ்சுதா? சொல்லும்மா."

"ஆமாங்க. ஆடாம அசையாம நின்னுச்சு."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்யா" என்றார் முதலாளி. "கண்ணால பாத்தேனே. நான் அப்பவே..." என்று தொடங்கி, வாழ்க்கையில் முதல்தடவையாக அதை முடிக்காமல் விட்டார்.

அவள் புருஷன் கருவிப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டும். "என் கண்ணு இல்ல. என் கண்ணு இல்லம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கண் இல்லையென்றால் வேறு எது? எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள். அவள் மட்டும் விளக்கைப் பார்த்தாள். பால் நிறத் தட்டிலிருந்து சாதுவாக வழிந்துகொண்டிருந்தது அந்த வெளிச்சம். குளியலறை இருட்டில் காற்றில் தொங்கிய புள்ளிகள் அவளுக்கு நினைவு வந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் இருட்டு. அந்த இருட்டில் மிஷின் என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"அண்ணே, அந்த வட்டத் தலை முகப்புல சாக்பீஸால ஒரே ஒரு கோடு போடுங்க. விளிம்போரமா, தாடைக்கு நடுவுல. போட்டுட்டு ஓட்டுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

புருஷன்தான் எழுந்து வந்து கோடு போட்டார். அவரேதான் ஓட்டினார். மிஷின் உறுமி வேகம் எடுத்தது. வெள்ளைக் கோடு கலைந்து வளையமானது, வளையம் துண்டுகளானது, துண்டுகள் தடுமாறித் தடுமாறி, கடைசியில் அமர்ந்தன. தாடைகள் நின்றன. அவற்றுக்கு நடுவே, போட்டது ஒரு கோடு, இருந்தது மூன்று கோடு. ஒன்றுக்கொன்று சரிசமத் தூரத்தில், இப்போதுதான் யாரோ கிழித்த மாதிரி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சக் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் அவள் விளக்கு மூன்று தடவை மின்னுகிறது. ஒவ்வொரு மின்னலிலும் ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்து நிற்கிறது. அதனால் கண்ணுக்கு எதுவும் நகரவில்லை. நகர்ந்ததெல்லாம் இருட்டுக்குள் நகர்ந்துவிட்டது. விளக்கை எவ்வளவு மங்க வைக்கிறோமோ மின்னல் அவ்வளவு ஒடுங்கும், பொய் அவ்வளவு தெளிவாகும். கண் கூசுகிறவருக்கு இதமாக இருக்கட்டும் என்று அவள் வைத்த குமிழே அந்தப் பொய்யைத் தீட்டிக் கூராக்கியிருக்கிறது. அந்தப் பழைய வேகங்களில் தாடைகள் இப்படி ஒத்து வரவில்லை. பெல்ட் மாறிய அன்று வந்தது.

தன் கையால் செய்து கொடுத்த பொருள், கட்டிய புருஷனின் விரலைக் கேட்டிருக்கிறது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், அந்த மூன்று கோட்டிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை கிலோ இரும்பு, இவ்வளவு வேகம், ஒரு சின்னப் பூச்சி எரிந்து அணைவதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. இரும்பு அசுர வேகத்தில் ஓடுகிறது, பார்த்தால் பூஜை அறையில் வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. உலகத்தில் நிற்பதாகத் தெரிகிற எத்தனை பொருள் நிஜமாக நிற்கிறதோ என்று நினைத்ததும் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்க" என்றாள். "எல்லாம் என் விளக்கோட வேலை. என்னாலதான்."

அவர் மிஷினை நிறுத்தினார். முழுசாக நிற்கும்வரை காத்திருந்தார். "உன்னாலதான்" என்றார். "கண்ணு போயிடுச்சுன்னு நான் உள்ளுக்குள்ளேயே செத்துக்கிட்டிருந்தேன். மயங்கித்தான் கெடந்தேன்னு நீதான் வந்து சொல்லியிருக்க." இதைச் சொல்லிவிட்டு அவர் மூக்கைச் சிந்தினார். முதலாளி திரும்பிக்கொண்டு எதையோ தேடுவதுபோல் பலகையைத் துழாவினார்.

விளக்கை அன்றே கழற்றி வந்தாள். இந்தத் தடவை குப்பையில் கிளறவில்லை. கால் எல்லாம் நன்றாக இருக்கிற புதுப் போர்டு வாங்கினாள். தானாக மின்னத் தெரிந்த காலிலேயே வேறொரு விளக்கைச் செய்து மாட்டினாள். நொடிக்கு இருபதாயிரம் தடவை. மின்னலுக்கும் மின்னலுக்கும் நடுவே ஒரு தாடை அடுத்ததன் இடத்துக்குப் போக நேரமே இருக்காது. அதை நம்பியும் விடவில்லை. பட்டறைக்குப் போய், பெல்ட்டை ஒவ்வொரு வேகத்துக்கும் மாற்றிப் போடச் சொல்லி, குமிழை அடிமட்டம் வரை திருகி, சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லா வேகத்திலும் கோடு கலைந்து வெள்ளை வளையமாகத்தான் தெரிந்தது. ஓடுவது ஓடுவதாகத் தெரிந்தது. அதற்குமேல் ஜன்னல் அட்டையையும் பாதி கிழித்துவிட்டாள். வெயில் வெளிச்சம் மின்னாது அல்லவா. முதலாளி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஜன்னலை மூடாதேன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். பழைய வியாதி திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

அவ்வளவுதான் என்று அவள் கிளம்பும்போது புருஷன் தடுத்தார்.

"அந்தப் பழைய விளக்கு இருக்கா?"

"பையில இருக்கு. எதுக்கு? அதை நான் உடைக்கப்போறேன்."

"உடைக்கலாம். ஒரு தடவை மாட்டு. ஒரே ஒரு தடவை."

அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் எதையும் வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. ஜன்னலுக்குத் திரும்ப அட்டையை வைத்தாள், புது விளக்கை அணைத்தாள், பழையதை மாட்டினாள். அவர் நின்றிருந்த சக்கின் முகப்பில், இரண்டு தாடைகளுக்கு நடுவே, சாக்பீஸால் பெரிய எழுத்தில் ஏதோ எழுதினார். பிறகு சுவிட்சைப் போட்டு, எல்லோரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

எழுத்துக் கலைந்தது. வளையமானது. நடுங்கியது. மெல்ல மெல்லத் தாடைகள் வந்து அமர, நடுவில் அந்த வார்த்தை, மூன்று இடத்தில், மூன்று தடவை, ஆடாமல் நின்றது. ஓடுது. ஓடுது. ஓடுது.

பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து அவர் பின்னால் நின்றுவிட்டார்கள். சாணைக்கல்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒருவரும் கிட்டப் போகவில்லை.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இடது உள்ளங்கையால் நல்ல கண்ணை மறைத்துக்கொண்டு, டாக்டர் ஆஸ்பத்திரியில் வாசிக்கச் சொன்ன அதே நிமிர்ந்த நிலையில் நின்று, ஆபரேஷன் செய்த கண்ணால் அந்தச் சுழலும் இரும்பிலிருந்து எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.

"ஓ... டு... து."

"அடுத்த கண்ணு?" என்றாள் அவள்.

கையை மாற்றிக்கொண்டார். அதையும் வாசித்தார். பிறகு போய் மிஷினை நிறுத்தி, அது நிஜமாக நிற்கும்வரை காத்திருந்து, எழுத்தை விரலாலேயே அழித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கையில் சாக்பீஸ் தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. வழியெல்லாம் அவள் அந்தக் கையை விடவில்லை.